கை நுழையாத இடுக்கு

தேனி மாவட்டத்துச் சாலைகளுக்குக் கேரவன் புதிய வண்டி இல்லை. போடி மலையடிவாரத்திலோ கம்பம் வயல்வெளியிலோ படப்பிடிப்பு நடந்தால், நடிகர்கள் உடை மாற்றவும் ஓய்வெடுக்கவும் ஒன்றிரண்டு கேரவன்கள் வந்து தோப்போரம் நிற்கும். 2021-இல் கேரள அரசு ‘கேரவன் கேரளா’ திட்டத்தை அறிவித்து, அடுத்த ஆண்டே வாகமண்ணில் முதல் கேரவன் பூங்காவைத் திறந்தது. அதன்பின் குமுளி மலைப்பாதையில் ஏற சுற்றுலாக் கேரவன்களுக்கும் ஒரு காரணம் கிடைத்தது. கார்த்திகை, மார்கழியில் கம்பம்மெட்டு வழியாக ஏறி குமுளி வழியாக இறங்கும் ஐயப்ப பக்தர்களின் வேன்களையும் இந்தக் கணக்கில் சேர்க்கலாம். கூரையில் அடுப்பும் அண்டாவும் ஏற்றிக்கொண்டு, வழியில் சமைத்துச் சாப்பிட்டு, வண்டியிலேயே தூங்கிப் போகிறவர்களுக்கு அதுதானே வீடு.

வீடும் வண்டியும் ஒன்றாகும்போது இரண்டிலும் இல்லாத அளவுக்கு இடுக்குகள் சேர்ந்துவிடுகின்றன. கூரையில் காற்றுப்போக்கி, ஏசியின் வெளி யூனிட், சோலார் தகடு. பக்கவாட்டில் சுருட்டி வைக்கும் பந்தல் துணி, தண்ணீர்த் தொட்டியின் மூடி, சமையல் புகை வெளியேறும் சல்லடை. கதவுக்குக் கீழே இழுத்துவிடும் படி. அடியில் கழிவுநீர்க் குழாயின் வால்வு. இவை எல்லாவற்றையும் சுற்றி ரப்பர் பீடிங். வண்டியின் அகன்ற வெள்ளைப் பக்கங்களை யாரும் பத்து நிமிடத்தில் கழுவிவிடலாம். அழுக்கு உண்மையில் குடியிருப்பதும், துருப்பிடிப்பதும், ஒழுக ஆரம்பிப்பதும் இந்த இடுக்குகளில்தான். இந்த அத்தியாயம் அவற்றைப் பற்றியது. அழுக்கு ஏன் ஒட்டுகிறது, தண்ணீர் ஏன் ஓரிடத்தில் நுழைந்து இன்னோரிடத்தில் நுழைய மறுக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால், கை போகாத இடத்தையும் சுத்தம் செய்துவிடலாம்.

முதலில் ஒரு கேள்வி. தேனியிலிருந்து குமுளிவரை வண்டி 60, 70 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. ஆடிக்காற்று வேறு எதிரே அடிக்கிறது. அந்தக் காற்றிலேயே தூசி பறந்துபோக வேண்டாமா? போவதில்லை. வண்டியை நிறுத்திக் கண்ணாடியில் விரலை வைத்தால் கோடு விழுகிறது.

இதற்கு விடை சொன்னவர் ஜெர்மனியின் லுட்விக் பிராண்டில். 1904-இல் ஹைடல்பெர்க்கில் நடந்த கணித மாநாட்டில் அவர் வாசித்த சிறிய கட்டுரை, காற்றும் நீரும் பொருள்களைக் கடந்து ஓடும் விதத்தைப் புரியவைத்தது. ஒரு பரப்பைத் தொட்டுக்கொண்டிருக்கும் காற்று அந்தப் பரப்போடு சேர்ந்தே நிற்கிறது. பரப்பிலிருந்து விலக விலகத்தான் வேகம் கூடுகிறது. வேகம் குறைந்த இந்த மெல்லிய அடுக்குக்கு ‘எல்லை அடுக்கு’ என்று பெயர். வண்டியின் வேகம் எவ்வளவானாலும், பரப்பை ஒட்டி ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு உயரமே உள்ள தூசித் துகளுக்கு வந்து சேரும் காற்று மிகச் சொற்பம். அதன் எடையும் பொருட்படுத்தத் தக்கதில்லை. மூலக்கூறுகளுக்கு இடையே உள்ள ஈர்ப்பு விசை மட்டும் அதைப் பிடித்து வைத்திருக்கிறது. துகள் சிறிதாக ஆக, எடையும் காற்றின் உந்துதலும் வேகமாகக் குறைகின்றன; ஒட்டும் விசை அவ்வளவு வேகமாகக் குறைவதில்லை. பெரிய மணல் உருண்டு விழுந்துவிடும், பொடித் தூசி விடாது.

இடுக்கில் இது இன்னும் மோசம். காற்று அங்கே சுழன்று வேகம் இழக்கிறது. சுமந்து வந்த தூசியை அங்கேயே போட்டுவிட்டுப் போகிறது. கேரவனின் பின்பக்கம் எப்போதும் முன்பக்கத்தைவிட அழுக்காக இருப்பதும் இதனால்தான். வண்டிக்குப் பின்னால் காற்றழுத்தம் குறைந்து, சக்கரம் கிளப்பிய புழுதியைத் திரும்ப இழுத்து முதுகில் பூசிவிடுகிறது. பின்னால் உள்ள கேமரா, நம்பர் பிளேட் விளக்கு, ஏணியின் பொருத்துகள் எல்லாம் அந்தச் சுழலில் மாட்டுகின்றன.

வெறும் தூசியாக இருந்தால் கவலையில்லை. கம்பம் பள்ளத்தாக்கு தன் கையொப்பத்தைப் பல மையில் போடும் ஊர்.

அந்தி நேரத்தில் உத்தமபாளையத்திலிருந்து கம்பம் நோக்கி வண்டி ஓட்டியவர்களுக்குப் பூச்சிகளைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் பாயும் இருபோக நெல்வயல்கள் சாலையின் இரு பக்கமும் இருக்கின்றன. விளக்கைப் போட்டதும் பூச்சிகள் முகப்பில் வந்து மோதுகின்றன. மோதிய பூச்சியின் உடல்நீர் புரதம் நிறைந்தது. காயம் பட்டால் உறைந்து கறுத்து அடைப்பை உண்டாக்குவதற்கென்றே இயற்கை அதை அமைத்திருக்கிறது. பூச்சியின் உயிரைக் காக்க வேண்டிய அந்த உறைதல், கண்ணாடியின் கையிலும் வைப்பரின் அடியிலும் ஏசி யூனிட்டின் முகப்பிலும் நடந்து, பசையாக இறுகிவிடுகிறது. மறுநாள் வெயில் அதைச் சுட்டு உறுதிப்படுத்துகிறது. நல்ல வெயிலில் நிற்கும் கருநிற உலோகம் 60 டிகிரியைத் தாண்டும். பல புரதங்கள் கட்டியாவது அந்த வெப்பத்தில்தான்.

இந்தப் பூச்சிக் கறை சின்ன விஷயமாகத் தோன்றும். தேனி, ஆண்டிபட்டி பக்கம் நிற்கும் காற்றாலைகளைப் பாருங்கள். 2001-இல் கார்ட்டன், வெல்ட்காம்ப் என்ற இரு நெதர்லாந்து ஆய்வாளர்கள் ‘நேச்சர்’ இதழில் ஒரு புதிரை விடுவித்தார்கள். ஒரே காற்று வேகத்தில் ஒரே காற்றாலை சில நாள் அதிக மின்சாரமும் சில நாள் பாதியும் தருவது ஏன் என்பதுதான் அந்தப் புதிர். காற்று மெல்ல வீசும்போது பூச்சிகள் பறக்கின்றன. சுழலும் இறக்கையின் முன்விளிம்பில் மோதி ஒட்டுகின்றன. அப்போது ஒரு பாதிப்பும் தெரிவதில்லை. பிறகு காற்று வலுக்கும்போது, அந்தச் சொரசொரப்பு இறக்கையின் மேல் காற்று சீராக ஓடுவதைக் கெடுத்து, உற்பத்தியைப் பாதிவரை குறைத்துவிடுகிறது. 2015-இல் நாசாவும் போயிங்கும் சேர்ந்து, பூச்சி ஒட்டாத பூச்சுகளைச் சோதிக்கவே ஒரு 757 விமானத்தை அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் பூச்சிகளுக்கு நடுவே பறக்கவிட்டன. விமானம் செய்பவர்களையே உட்கார்ந்து யோசிக்க வைத்த கறை இது. ஸ்க்ரப்பரை எடுத்துப் பெயிண்டைத் தேய்த்து நாசமாக்கும் முன் நாமும் கொஞ்சம் யோசிக்கலாம்.

உறைந்த புரதத்துக்கு வேண்டியது நேரம். ஈரத் துணியை அதன்மேல் கால் மணி நேரம் போட்டுவைத்தால் புரதம் நீரை உறிஞ்சி ஊதி, பிடியைத் தளர்த்தும். துணியில் சொட்டு ஷாம்பு இருந்தால் இன்னும் நல்லது. கொதிக்கும் தண்ணீர் கூடாது. முட்டையின் வெள்ளைக்கரு வெந்நீரில் என்ன ஆகிறதோ அதுவேதான் இங்கும் ஆகும்.

மாந்தோப்பில் நிழலுக்காக நிறுத்திய வண்டிக்கு வேறு கதை. பெரியகுளம் பக்கம் பூப்பருவத்தில் மாமரத்தடியில் இரவெல்லாம் வண்டி நின்றால், காலையில் கூரை முழுக்கப் பிசுபிசுப்பான பொட்டுகள். மரத்தின் சாற்றை உறிஞ்சும் தத்துப்பூச்சிகள் வெளியேற்றும் இனிப்பு நீர் அது. அதன்மேல் கரும்பூசணம் வளர்ந்து, சில நாளில் கூரைச் சல்லடையின் ஓரங்கள் புகை படிந்தது போலக் கறுத்துவிடும். பார்க்கப் பயமாக இருந்தாலும் இதுதான் எல்லாவற்றிலும் எளிய அழுக்கு. சர்க்கரை தண்ணீரில் கரையும். ஒரு லிட்டர் நீரில் கிட்டத்தட்ட 2 கிலோ சர்க்கரை கரையும் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். சர்க்கரை போனால் பூசணத்துக்குப் பிடிமானம் இல்லை. அதே மரத்தின் பிசின் சொட்டியிருந்தால் தண்ணீரால் பெரிதாகப் பயன் இல்லை. அதற்குத் துணியில் கொஞ்சம் தேங்காய் எண்ணெயைத் தொட்டு ஊறவிட வேண்டும். எண்ணெய் தன்மையுள்ளதை எண்ணெய்தான் இளக்கும். பிறகு எண்ணெயைச் சோப்பு நீரால் எடுத்துவிடலாம். ஒரே மரத்தடியில் கிடைத்த இரண்டு பிசுபிசுப்புக்கும் இரண்டு வைத்தியம்.

பறவை எச்சம் மூன்றாவது வகை. அதிலுள்ள வெள்ளைப் பகுதி யூரிக் அமிலம். ஒரு லிட்டர் தண்ணீரில் 60 மில்லிகிராம் அளவுக்குத்தான் அது கரையும். எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் வெள்ளைத் தடம் போகாததன் காரணம் இது. ஆப்பசோடாவை நீரில் கலந்து நனைத்தால், அந்தச் சிறிய காரத்தன்மையிலேயே அமிலம் இளகுகிறது.

கம்பத்துக்கே உரிய ஒன்று இருக்கிறது, மயில்துத்தம். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சையின் தோட்டங்களில் அடிச்சாம்பல் நோயைத் தடுக்க போர்டோ கலவை தெளிப்பதுண்டு. மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த நீலக் கலவை அது. பிரான்சின் போர்டோ பகுதியில் சாலையோரத் திராட்சையை வழிப்போக்கர்கள் பறிக்காதிருக்க, கசப்பும் நீல நிறமும் தரும் இந்தக் கலவையைத் தெளித்து வைத்திருந்தார்கள். அந்தக் கொடிகளுக்கு மட்டும் நோய் வராததை 1882-இல் கவனித்தார் தாவரவியலாளர் மில்லார்டே. 1885-இல் ஆய்வு முடிவை வெளியிட்டார். இன்றுவரை உழவர்கள் அதைக் கைவிடவில்லை. படப்பிடிப்புக்குத் தோட்டத்தோரம் நிற்கும் வண்டிமீது இது காற்றில் வந்து படிந்தால், நிறத்தைவிடக் கவலைக்குரியது அதிலுள்ள தாமிரம். கேரவனின் சட்டங்களும் படியும் ஏசியின் மெல்லிய தகடுகளும் பெரும்பாலும் அலுமினியம். ஈரத்தில் தாமிரம் அலுமினியத்தின்மேல் படிந்தால், இரண்டும் சேர்ந்து ஒரு சிறு மின்கலம் ஆகிவிடும். அந்த மின்கலத்தில் கரைந்து போவது அலுமினியம். ஊசி முனை அளவு குழிகள் விழும். எனவே மற்ற அழுக்கு ஒரு வாரம் காத்திருக்கலாம். நீலக் கறையை அன்றே கழுவிவிட வேண்டும்.

இத்தனையும் என்னவென்று தெரிந்தபின் மிச்சமிருப்பது, மருந்தை இடுக்குக்குள் அனுப்புவது எப்படி என்பது.

தண்ணீருக்கு ஒரு குணம் உண்டு. சுத்தமான இரண்டு கண்ணாடித் தகடுகளை 0.1 மில்லிமீட்டர் இடைவெளியில் நிறுத்தி அடியை நீரில் நனைத்தால், நீர் தானாகவே கிட்டத்தட்ட 15 சென்டிமீட்டர் மேலே ஏறும். இடைவெளி பாதியானால் உயரம் இரட்டிப்பாகும். கை நுழையாத, பிரஷ் நுழையாத இடுக்குதான் தண்ணீருக்கு மிகப் பிடித்தமான இடம். ஆனால் இது சுத்தமான கண்ணாடிக்குப் பொருந்தும் கணக்கு. மெழுகு பூசிய பெயிண்டிலும் கிரீஸ் படிந்த உலோகத்திலும் தண்ணீர் பரவாமல் முத்தாகத் திரண்டு நிற்கும். தாமரை இலையில் நீர் ஒட்டாததை நாம் பழமொழியாகவே வைத்திருக்கிறோம். அந்த இலையின் பரப்பில் உள்ள நுண்ணிய மேடுகளும் அவற்றின்மேலுள்ள மெழுகும்தான் காரணம் என்று 1997-இல் ஜெர்மனியின் பார்த்லாட்டும் நைன்ஹுயிஸும் விளக்கினார்கள். எண்ணெய் படிந்த இடுக்கின் வாயில் நிற்கும் நீர் உள்ளே ஏற மறுக்கிறது. தள்ளினாலும் வெளியே வருகிறது.

அந்த மறுப்பைச் சோப்பு உடைக்கும் விதத்தை நமக்கு அளந்து காட்டியவர்களில் முதல் வரிசையில் ஒரு பெண் இருக்கிறார். ஆக்னஸ் பாக்கல்ஸ், 1862-இல் பிறந்தவர், ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரில் வாழ்ந்தவர். அன்று அங்கே பெண்களுக்குப் பல்கலைக்கழகக் கதவு திறக்கவில்லை. நோயுற்ற பெற்றோரைப் பார்த்துக்கொண்டு, சமையலும் பாத்திரமுமாக நாளைக் கழித்தார். பாத்திரம் கழுவும் நீரின் மேற்பரப்பு எண்ணெயும் சோப்பும் பட்டதும் மாறுவதைக் கவனித்தவர், அதை அளக்கத் தானே ஒரு கருவி செய்தார். நீர் நிரம்பிய ஒரு தகரத் தொட்டி, குறுக்கே நகர்த்தக்கூடிய ஒரு தகடு, நீர்ப்பரப்பைத் தொட்டு நிற்கும் ஒரு சிறு வட்டு. வட்டைத் தூக்க எவ்வளவு விசை வேண்டும் என்று தராசில் பார்த்தால் பரப்பு இழுவிசை கிடைத்துவிடும். தகட்டை நகர்த்தி, நீரின்மேல் உள்ள எண்ணெய்ப் படலத்தை நெருக்கவோ விரிக்கவோ செய்யலாம். ஏறக்குறைய பத்தாண்டுகள் தனியாகச் செய்த அளவீடுகளை 1891 ஜனவரியில் இங்கிலாந்தின் இயற்பியலாளர் ரேலே பிரபுவுக்குக் கடிதமாக எழுதினார். பிரபு அதை மொழிபெயர்க்கச் செய்து, தன் பரிந்துரையுடன் ‘நேச்சர்’ இதழுக்கு அனுப்பினார். மார்ச் மாதமே வெளிவந்தது. பின்னாளில் இர்விங் லாங்மியர் செம்மைப்படுத்திப் புகழடைந்த தொட்டிக்கு அடிப்படை இந்தச் சமையலறைத் தொட்டிதான். பாக்கல்ஸுக்கு மதிப்புறு முனைவர் பட்டம் கிடைத்தது 1932-இல், தன் எழுபதாம் வயதில். பள்ளிப் பாடப் புத்தகங்களில் இவர் பெயர் இன்னும் பெரிய எழுத்தில் வர வேண்டும் என்பது என் விருப்பம்.

சுத்தமான நீரின் பரப்பு இழுவிசை மீட்டருக்கு 72 மில்லிநியூட்டன். சோப்பு கலந்தால் அது 30 சுற்றுவட்டாரத்துக்கு இறங்கிவிடும். அதைவிட முக்கியம், சோப்பின் ஒரு முனை எண்ணெயையும் மறுமுனை நீரையும் பிடிப்பதால், எண்ணெய் பூசிய சுவரிலும் நீர் பரவத் தொடங்கும். முத்தாக நின்ற துளி படுத்துவிடும். இடுக்கின் வாயில் நின்ற நீர் உள்ளே போகும். நம் பாட்டிமார் பட்டுச் சேலைக்குப் போட்ட பூந்திக்கொட்டையில் உள்ள சப்போனினும் இதையே செய்கிறது. சோப்பு அதிகமானால் வேலை அதிகம் நடக்கும் என்று நினைத்து அள்ளிப் போட வேண்டாம். ஓர் அளவைத் தாண்டினால் பரப்பு இழுவிசை மேலும் குறையாது. மிஞ்சும் சோப்பு மூலக்கூறுகள் நீருக்குள் உருண்டைகளாகத் திரளும். எண்ணெயைச் சுருட்டிக்கொள்ள அவை கொஞ்சம் உதவும், பிறகு அலசுவதற்கு மட்டும் இருமடங்கு தண்ணீர் கேட்கும்.

ஆகவே முறை இப்படி வருகிறது. காலையில், வண்டி குளிர்ந்திருக்கும்போது, நீர்த்த ஷாம்புத் தண்ணீரை ஸ்ப்ரே பாட்டிலில் எடுத்து இடுக்கின் மேல்வாயில் விட வேண்டும். பத்து நிமிடம் நிழலில் ஊற வேண்டும், காயக்கூடாது. அதன்பிறகுதான் பிரஷ்.

பிரஷ்ஷைப் பற்றி, தேனி பைபாஸ் பக்கம் ஒரு வாட்டர் சர்வீஸ் கொட்டகையில் பார்த்ததைச் சொல்ல வேண்டும். கேரவன் படியின் சறுக்குத் தடத்துக்குள் மண்ணும் கிரீஸும் குழைந்து கல்லாகியிருந்தது. அங்கே வேலை செய்த பையன் ஒரு அங்குல பெயிண்ட் பிரஷ்ஷை எடுத்து, அதன் முடியைப் பாதிக்கு மேல் கத்தரித்து, கட்டையாக்கி வைத்திருந்தான். பிடியில் சைக்கிள் டியூப்பைச் சுற்றியிருந்தான், பெயிண்டில் இடித்தாலும் கீறாது. “முழு முடியா இருந்தா வளைஞ்சுரும்ணே, மண்ணக் கிண்டாது” என்றான். பொறியியல் பாடத்தின் ஒரு முக்கியமான விதி அது. ஒரு முனை பிடிக்கப்பட்ட கம்பியின் நீளம் பாதியானால், மறுமுனையை அதே அளவு வளைக்க 8 மடங்கு விசை வேண்டும். அதே நைலான், அதே தடிமன். கத்தரிக்கோல் மட்டும் அதை எட்டு மடங்குக்கும் மேல் முரடாக்கிவிட்டது. பழைய டூத் பிரஷ்ஷின் தலையைத் தீயில் லேசாகக் காட்டி வளைத்தும் ஒன்று வைத்திருந்தான், ரப்பர் பீடிங்கின் மடிப்புக்குள் விட. கடையில் விற்கும் எந்த விலையுயர்ந்த கருவியும் இந்த இரண்டுக்கு ஈடில்லை என்பேன்.

அதே கொட்டகையில் பிரஷர் கன்னும் இருந்தது. பெரும்பாலோர் நம்புவது அதைத்தான். இடுக்குகளைப் பொறுத்தவரை நான் அதை நம்பவில்லை. ஏன் என்று கணக்கிட்டுப் பார்க்கலாம். சாதாரண பிரஷர் வாஷரின் அழுத்தம் 100 பார் இருக்கும். கார் டயரின் அழுத்தம் சுமார் 2 பார். 100 பாரில் நாசிலை விட்டு வரும் நீரின் வேகம் விநாடிக்கு 140 மீட்டர், அதாவது மணிக்கு 500 கிலோமீட்டர். பெரிய மழைத்துளி தரையைத் தொடும் வேகம் விநாடிக்கு 9 மீட்டர்தான். தாக்கும் அழுத்தம் வேகத்தின் இருமடியில் கூடும் என்பதால், கிட்டப் பிடித்த கன் மழையைப் போல 240 மடங்கு குத்துகிறது. கேரவனின் கூரைப் பொருத்துகளைச் சுற்றிய சீலன்ட்டும் பீடிங்கும் மழையைத் தாங்கச் செய்தவை. கன் அவற்றின் விளிம்பைத் தூக்கி நீரை உள்ளே செலுத்திவிடும். உள்ளே பிளைவுட் சுவர். சில மாதம் கழித்து உட்பக்கம் உப்பி, பூசண வாடை வரும்போது யாருக்கும் கன் நினைவுக்கு வராது. ஏசியின் அலுமினியத் தகடுகள் இன்னும் மெல்லியவை. அவற்றுக்கு நடுவே காற்றுப் போக ஒன்றிரண்டு மில்லிமீட்டர் வழிதான். கன் பட்டால் மடிந்து அந்த வழி அடைத்துக்கொள்ளும், ஏசி திணறும். அவற்றுக்கு மென்மையான பிரஷ்ஷும், முடிந்தால் உட்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகச் சாதாரணக் குழாய் நீரும் போதும். கன்னைச் சக்கர வளைவுக்கும் அடிச்சட்டத்துக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

குழாய்களின் வாயில் மண்குளவி கூடு கட்டியிருந்தால் கம்பியால் குத்துவது தவறு. மண் உள்ளே போய் இன்னும் ஆழத்தில் அடைக்கும். இந்தச் சிறு கூட்டின் வல்லமை பெரிது. 2013 நவம்பரில் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் புறப்பட்ட ஒரு பெரிய பயணிகள் விமானம், வேகம் காட்டும் குழாயில் குளவி கட்டிய கூட்டால் திரும்பி வந்து இறங்க வேண்டியதாயிற்று. குளவி இல்லை என்று பார்த்துக்கொண்டு, கூட்டை நனைத்து ஊறவிட்டால் மண் மண்ணாகவே கரைந்து வெளியே வந்துவிடும்.

கழுவி முடித்த பிறகு ஒரு வேலை பாக்கி இருக்கிறது. பலர் அதைச் செய்வதில்லை. இடுக்குக்குள் ஆசையாய் ஏறிய தண்ணீர் தானாக இறங்காது. ஏற்றிய அதே விசை அதைப் பிடித்து வைத்திருக்கும். வெளியே வண்டி காய்ந்து மின்னும்போது, ஸ்குருவின் அடியிலும் விளக்கின் டெர்மினலிலும் ஈரம் இருக்கும். துரு அங்கே தொடங்கும். பஞ்சர் கடையின் காற்றுக் குழாயைச் சற்றுத் தள்ளிப் பிடித்து ஊதினால் போதும். பீடிங்கின் கீழ் ஓரத்தில் நீர் வடிய விட்டிருக்கும் சிறு துளைகளை அடைப்பு இல்லாமல் வைத்திருப்பது அதைவிட முக்கியம். ஒரு துண்டு மீன்வலை நைலான் நரம்பை உள்ளே விட்டு எடுத்தால் தெரிந்துவிடும்.

கழுவிய நீர் எந்த நீர் என்பதும் முக்கியம். போர்வெல் நீரில் கால்சியம் அதிகம். இந்தியத் தர நிர்ணயத்தின்படி குடிநீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழி இல்லாவிட்டால் 600 வரை போகலாம். 600 உள்ள நீர் ஒரு லிட்டர் இடுக்கில் நின்று காய்ந்தால் அரை கிராமுக்கு மேல் சுண்ணாம்பு மிஞ்சும். ஒவ்வொரு கழுவலிலும் ஓர் அடுக்கு ஏறும். சோப்போடு சேர்ந்தால் வெள்ளைத் திப்பியாகும். படிந்துவிட்ட வெள்ளையை எடுக்க எலுமிச்சையோ நீர்த்த வினிகரோ போதும். பித்தளைக் குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்க்கும் வீடுகளுக்கு இந்த வேதியியல் புதிதில்லை. ஐந்து நிமிடத்தில் அலசிவிட வேண்டும், அலுமினியத்துக்கு எந்த அமிலமும் நெடுநேரம் ஆகாது. படியாமலே தடுக்க ஒரு வழி கேரவனிலேயே இருக்கிறது. ஏசியிலிருந்து சொட்டும் நீர் காற்றின் ஈரம் குளிர்ந்து உண்டானது. ஏறக்குறைய உப்பே இல்லாதது. படப்பிடிப்பு நாளில் ஒரு பக்கெட்டை அடியில் வைத்தால் மாலைக்குள் கடைசி அலசலுக்குத் தேவையான நீர் சேர்ந்துவிடும். வீணாக மண்ணில் விழும் அந்த நீரைப் பிடித்து வைக்காததற்கு எனக்கு எந்தக் காரணமும் தெரியவில்லை.

தின்னரும் பெட்ரோலும் பக்கத்தில் இருக்கவே கூடாது. கிரீஸைக் கரைப்பது போலவே அவை கூரைச் சன்னலின் அக்ரிலிக்கிலும் விளக்கின் பாலிகார்பனேட் மூடியிலும் புகுந்து, மயிரிழை விரிசல்களை உண்டாக்கும். டீசல் பட்ட ரப்பர் ஊதிப் போய்ப் பீடிங் தன் இடத்தில் உட்காராது. படியின் தடத்தில் உள்ள கிரீஸுக்கு டீசல் தொட்ட துணி வேண்டுமானால் துணியோடு நிற்கட்டும், ஊற்ற வேண்டாம்.

கடைசியாக, அழுக்கு வண்டியை விட்டுப் போனதும் எங்கே போகிறது என்பது. சபரிமலை சீசனில் கம்பம், கூடலூர் பக்கம் ஆற்றோரமும் வாய்க்கால் படித்துறையிலும் வண்டி கழுவுவதைப் பார்க்கலாம். அந்த ஆற்றில் ஓடும் நீர், மேற்கே அரபிக்கடலுக்குப் போக வேண்டிய பெரியாற்றை 1895-இல் ஜான் பென்னிகுயிக் கட்டி முடித்த அணையால் தடுத்து, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பிய நீர். வைகை அணையில் சேர்ந்து, தேனி, திண்டுக்கல், மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் ஐந்து மாவட்டங்களுக்கும் குடிக்கவும் விளையவும் போகிறது. பரப்பு இழுவிசையைக் குறைக்கும் சோப்பு இடுக்கில் செய்யும் வேலையை மீனின் செவுளிலும் செய்யும். அந்த மெல்லிய தோலைச் சிதைத்துவிடும். கிரீஸும் மயில்துத்தமும் அதோடு சேர்ந்து போகின்றன. வண்டி கழுவும் கொட்டகைகளில் மண் தங்கவும் எண்ணெய் மிதந்து பிரியவும் தொட்டி கட்டியிருக்கிறார்களா என்று பார்த்து, கட்டியவர்களிடம் மட்டும் வண்டியை விடுங்கள். நீங்களே கழுவுவதானால் ஆற்றிலிருந்தும் வாய்க்காலிலிருந்தும் தள்ளி, மண் தரையில், குறைந்த சோப்பில், பக்கெட் தண்ணீரில் கழுவுங்கள். முல்லைப் பெரியாற்றுக்குள் மட்டும் வண்டியை இறக்காதீர்கள்.